இடுப்பு வலி மாத்திரை போடுபவர் நால்ட்ரெக்ஸோன் தொடங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பத்து வருடத்துக்கு மேலாகக் குடிக்கிறார். இப்போது தினமும் ஆஃப் பாட்டில் பிராந்தி. போன வாரம் அவரே சம்மதித்து டாக்டரிடம் வந்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. மாத்திரையை வெள்ளிக்கிழமை காலையிலிருந்து போடச் சொன்னார் டாக்டர். ஒரு விஷயத்தை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. இரண்டரை மாதத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் இவருக்கு இடுப்பில் அடி. அதற்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரையைத் தினமும் ஐந்து, ஆறு என்று போடுகிறார். வலி மாத்திரைதானே என்று விட்டுவிட்டோம். நேற்று நால்ட்ரெக்ஸோன் டப்பாவில் இருந்த சீட்டைப் படித்த என் மகள் பயந்துபோனாள். வலி மாத்திரை அட்டையில் டிரமடால் 37.5, பாராசிட்டமால் 325 என்று போட்டிருக்கிறது. இன்று காலையும் இரண்டு போட்டார். இரண்டு வருடம் முன்பு தானாகக் குடியை நிறுத்தியபோது இரண்டாம் நாள் ஒருமுறை வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "குடித்தால் வாந்தி வருகிற மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை அந்த மாத்திரையைப் போட வேண்டாம். டப்பாவைப் பீரோவில் எடுத்து வைத்துவிட்டு, இன்றே டாக்டருக்குப் போன் செய்து மூன்று விஷயம் சொல்லுங்கள்: இரண்டரை மாதமாகத் தினமும் டிரமடால் போடுகிறார், கடைசியாக இன்று காலை போட்டார், முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறது. இந்த மூன்றையும் கேட்டால் எந்த டாக்டரும் திட்டத்தை மாற்றிவிடுவார். அவர் கொடுத்த மருந்து தவறானது அல்ல, குடிக்கு நல்ல மருந்துதான். உங்கள் கணவருக்கு அதைத் தொடங்கும் நாள் இன்னும் வரவில்லை.

டிரமடால் அபின் குடும்பத்தைச் சேர்ந்த வலி மருந்து. மார்ஃபின், கோடீன், டேப்பென்டடால், ஃபென்டனில், பியூப்ரெனார்ஃபின் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். மூளையில் இவை போய் உட்காரும் இடம் ஒன்றே. குடித்தால் வரும் சுகத்தில் ஒரு பங்கும் அதே இடத்தின் வழியாகத்தான் வருகிறது. நால்ட்ரெக்ஸோன் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் குடித்தாலும் பழைய ருசி இருக்காது, அடுத்த பெக்குக்கான ஏக்கமும் குறையும். 1994-லிருந்து குடி நோய்க்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்து இது. அதற்குப் பத்து வருடம் முன்பே அபின் வகைப் பழக்கத்துக்கு அங்கீகரிக்கப்பட்டிருந்தது.

வம்பு இங்கேதான் இருக்கிறது. இரண்டரை மாதம் தினமும் டிரமடால் போன உடம்பு, அது இருந்தால்தான் சமநிலை என்று பழகிவிட்டது. நால்ட்ரெக்ஸோன் வந்ததும், உட்கார்ந்திருக்கும் டிரமடாலை ஒரே தள்ளில் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தானாக நிறுத்தியிருந்தால் நாலைந்து நாளில் மெல்ல மெல்ல வந்து போகும் அவஸ்தை, அரை மணி நேரத்தில் மொத்தமாக இறங்கும். மாத்திரை விழுங்கிய சில நிமிடத்திலேயேகூடத் தொடங்கலாம். கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்செறிதல், வயிற்றை முறுக்கும் வலி, அடங்காத வாந்தி, பேதி, எலும்புக்குள் குடைச்சல், ஒரு இடத்தில் உட்கார முடியாத பதற்றம். சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இது 48 மணி நேரம் வரை நீளலாம். வாந்தியிலும் பேதியிலும் நீர்ச்சத்து இழந்து, டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலைக்குப் போகிறவர்கள் உண்டு. மாதம் ஒரு முறை போடும் 380 மி.கி. ஊசியாக இருந்தால் இன்னும் மோசம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை.

உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அளவு கூடினால் டிரமடால் தானே வலிப்பைக் கிளப்பும். குடியைச் சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும். இவருக்கு ஏற்கனவே ஒருமுறை வந்தும் இருக்கிறது. இவையெல்லாம் வீட்டில் ஒன்றாகச் சேரக் கூடாது.

இனி வரிசை. இவருக்கு முதலில் ஆக வேண்டியது குடியைப் பாதுகாப்பாக நிறுத்துவது. அதை வீட்டில் செய்யாதீர்கள். ஆஃப் பாட்டில் என்றால் 375 மி.லி., அதில் சுத்தமான சாராயம் மட்டும் ஏறக்குறைய 125 கிராம். தினமும் இவ்வளவு போய்க்கொண்டிருந்து நின்றால், ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை குழப்பம், காய்ச்சல், 'பூச்சி ஊர்கிறது, ஆள் நிற்கிறது' என்கிற நிலை வரலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. நால்ட்ரெக்ஸோன் இதில் எதையும் தடுக்காது. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிறுத்தும் நாட்களின் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் தனி மருந்து வேண்டும். குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் கொடுப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம் கொடுத்து, அறிகுறியைப் பார்த்துப் பார்த்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். முன்பு வலிப்பு வந்தவர் என்பதாலேயே இவருக்குப் படுக்கை வசதியுள்ள இடம் தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவோ, பொது மருத்துவப் பிரிவும் மனநல மருத்துவரும் உள்ள வேறு மருத்துவமனையோ போதும். "முப்பது நாள் உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடத்தில் இரவில் டாக்டர் இருப்பாரா, வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்காமல் சேர்க்காதீர்கள்.

படுக்கை கிடைக்கும் வரை? குடியையோ டிரமடாலையோ வீட்டில் திடீரென்று நிறுத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், கூட்டவும் விட வேண்டாம். மாத்திரையையும் பிராந்தியையும் ஒரே நேரத்தில் போடுவது இரவில் மூச்சைக் குறைக்கும். படுத்தவர் வழக்கத்துக்கு மாறாகக் குறட்டை விடுகிறார், தட்டினாலும் எழவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

சேர்க்கும்போது தயமின் ஊசி கேளுங்கள். குடிப்பவர்களுக்கு இந்த பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். தெருமுனை கிளினிக்கில் 'தெம்புக்கு' என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவார்களே, தயமின் போடாமல் அதை ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். குழப்பம், தள்ளாட்டமான நடை, ஒன்று இரண்டாகத் தெரிவது இதன் அடையாளம். 'குடித்திருக்கிறான்' என்று வீட்டில் இதைத்தான் தவறவிடுவார்கள்.

குடியை நிறுத்தும் அதே படுக்கையிலேயே டிரமடாலையும் கையாளலாம். ஒரேயடியாக நிறுத்துவதா, சில நாளில் படிப்படியாகக் குறைப்பதா என்பதை வார்டு டாக்டர் தீர்மானிப்பார். அந்த நாட்களின் வியர்வை, படபடப்பு, பேதிக்குக் குளோனிடின் 0.1 மி.கி. மாத்திரை உதவும். ஒவ்வொரு முறையும் பிபி பார்த்துக் கொடுப்பார்கள், 90/60-க்குக் கீழே இருந்தால் அந்த வேளைக்கு நிறுத்திவைப்பார்கள். இரண்டு பழக்கத்தையும் ஒன்றாக விடும்போது எது எதனுடைய அறிகுறி என்று பிரிப்பது நர்சுகளுக்கே சிரமம். கை நடுங்கினால், ஆள் தெரியாமல் பேசினால் பெரும்பாலும் மது. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, பேதி என்றால் டிரமடால். வியர்வையும் தூக்கமின்மையும் இரண்டுக்கும் பொது. டிரமடால் மனச்சோர்வு மாத்திரைகளைப் போலவும் கொஞ்சம் வேலை செய்வதால், நிறுத்தும்போது சிலருக்குக் கடும் பயம், உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, குழப்பம் வருவதுண்டு. இதையெல்லாம் ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வைத்தால் காலை ரவுண்ட்ஸில் டாக்டருக்குப் பெரிய உதவி.

இப்போது நாள் கணக்கு. கடைசி டிரமடாலுக்குப் பிறகு குறைந்தது 7 முதல் 10 நாள் எந்த அபின் வகை மருந்தும் உடம்பில் போகாமல் இருந்தால்தான் நால்ட்ரெக்ஸோனைப் பற்றி யோசிக்கலாம். இவருக்குப் பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாத்திரை 3-ஆம் தேதி இரவு என்றால், 4-ஆம் தேதி முதல் நாள், 13-ஆம் தேதி பத்தாம் நாள். தினசரி காலண்டர் தாளில் நம்பர் போட்டு வாருங்கள். நடுவில் ஒரு மாத்திரை போட்டுவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. பியூப்ரெனார்ஃபின், மெதடோன் எடுத்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இரண்டு வாரம் வரை நீளும்.

'ஓரிரு நாளில் மருந்து ரத்தத்தை விட்டுப் போய்விடுமே, எதற்குப் பத்து நாள்?' என்று கேட்பார்கள். டிரமடால் பாதியாகக் குறைய ஆறு மணி நேரம்தான், அது உண்மை. ஆனால் மருந்து போன பிறகும் நரம்புகள் பழைய கணக்கிலேயே இயங்கும். அவை திரும்ப நிதானத்துக்கு வரத்தான் அந்த நாட்கள்.

கணக்கு எப்போதும் தப்புவது வேறு மருந்துகள் தெரியாமல் நுழைவதால். இருமல் சிரப்பில் கோடீன் இருக்கலாம். பேதிக்கு வாங்கும் மாத்திரையில் டைஃபினாக்சிலேட் இருக்கலாம். 'வலிக்கு ஒரு ஊசி' என்று கிளினிக்கில் போட்டது டைக்ளோஃபெனாக்காக இருந்தால் கவலையில்லை. டிரமடால், பென்டசோசின், பியூட்டர்ஃபனால் என்றால் எண்ணிக்கை போச்சு. தோலில் ஒட்டும் பியூப்ரெனார்ஃபின் பட்டையும் சேர்த்திதான், அது ஏழு நாள் மருந்து விடும். மெடிக்கலில் அட்டையை நாலு நாலாகக் கத்தரித்து, பேப்பர் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். கத்தரித்த துண்டில் பெயர் பாதிதான் இருக்கும், 'டால்' என்று முடிவதை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, பாராசிட்டமால் பெயர்கள் சிலவும் அப்படி முடியும். முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2018-லிருந்து டிரமடால் என்டிபிஎஸ் எனும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தை அந்தக் கடைக்காரர் உங்களுக்கு இரண்டரை மாதமாக விற்றிருக்கிறார், அதையும் மனதில் வையுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா? பாதிதான் தெரியும். சாதாரண ஓபியேட் கிட் மார்ஃபினையும் கோடீனையும் பிடிக்கும். டிரமடால், டேப்பென்டடால், ஃபென்டனில், பியூப்ரெனார்ஃபின் இவற்றைக் கோட்டைவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனைப் பட்டை வேண்டும். 'யூரின் நெகட்டிவ்' என்று சொன்னால், எந்த மருந்துக்குப் பார்த்தீர்கள் என்று கேட்கலாம், தப்பில்லை. இதைவிட நம்பகமானது நாலாக்ஸோன் சோதனை. நாலாக்ஸோன் நால்ட்ரெக்ஸோனின் தம்பி. அதே இடத்தைத்தான் அடைக்கும், ஆனால் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் தவறினாலும் அவஸ்தை இரண்டு நாள் நீளாது. முதலில் 0.2 மி.கி. நரம்பில் போட்டு அரை நிமிடம் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் 0.6 மி.கி. போட்டு 20 நிமிடம் கவனிப்பார்கள். இங்கே கிடைக்கும் 0.4 மி.கி. ஆம்பூல் என்றால் மொத்தம் இரண்டு. தோலுக்கடியில் ஒரேயடியாக 0.8 மி.கி. போடும் முறையும் உண்டு. கொட்டாவி, வியர்வை, குமட்டல் என்று ஏதாவது தலைகாட்டினால் அன்று நால்ட்ரெக்ஸோன் கிடையாது. 24 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இது ஆஸ்பத்திரியில் மட்டும் செய்வது. வீட்டில் 'கால் மாத்திரை போட்டுப் பார்க்கலாம்' என்பது சோதனை ஆகாது, அந்தக் கால் மாத்திரையே போதும் ஆளைப் படுக்க வைக்க.

நாலாக்ஸோன் சோதனை சுத்தமாக வந்தபின் முதல் நாள் 25 மி.கி., அதாவது அரை மாத்திரை. சாப்பிட்ட பிறகு, டாக்டர் கண் எதிரில், ஒரு மணி நேரம் உட்கார வைத்து. மறுநாளிலிருந்து 50. முதல் வாரம் குமட்டலும் தலைவலியும் பலருக்கு உண்டு, வெறும் வயிற்றில் போட்டால் அதிகம்.

அதற்கு முன் அந்த ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும். கல்லீரல் என்சைம்கள் இயல்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தாலோ, மஞ்சள் காமாலை இருந்தாலோ நால்ட்ரெக்ஸோனைத் தள்ளிவைப்பார்கள். வலி மாத்திரையில் இருக்கும் பாராசிட்டமாலையும் கணக்குப் போடுங்கள். ஆறு மாத்திரை என்றால் 1950 மி.கி. தினமும் குடிப்பவருக்கு 2000-க்கு மேல் போகக் கூடாது என்பதுதான் பொதுவான எல்லை. காய்ச்சல் என்று வேறு ஒரு பாராசிட்டமாலை மேலே போட்டால் எல்லை தாண்டிவிடும்.

காத்திருக்கும் பத்து நாளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அகாம்ப்ரோசேட் என்ற மருந்துக்கும் அபின் வகை மருந்துக்கும் எந்தச் சண்டையும் கிடையாது. குடியை நிறுத்திய சில நாளிலேயே தொடங்கலாம். 333 மி.கி. மாத்திரை இரண்டு இரண்டாக மூன்று வேளை. சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்துக் கொடுப்பார்கள், சிறுநீரகத்தின் வேலை கொஞ்சம் குறைந்திருந்தால் வேளைக்கு ஒன்று, மிகக் குறைந்திருந்தால் தரவே மாட்டார்கள். கல்லீரலுக்குப் பாரமில்லை. ஒரே தொல்லை, ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. மதிய வேளையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். டிபன் கேரியரோடு வைத்து அனுப்புங்கள். என் கருத்தைக் கேட்டால், இவர் இருக்கும் நிலையில் அகாம்ப்ரோசேட்டில் தொடங்கி, நால்ட்ரெக்ஸோன் தேவையா என்பதை ஒரு மாதம் கழித்து யோசிப்பதே மேல். அவசரப்பட ஒன்றுமில்லை. இடுப்பு வலிக்கு இன்னும் அபின் வகை மருந்துதான் வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொன்னால், அதை எடுக்கும் வரை நால்ட்ரெக்ஸோன் என்ற பேச்சே இல்லை.

அந்த வலியையும் யாராவது பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து நாள் எண்ணிக்கை மூன்றாம் நாளே உடையும். இரண்டரை மாதமாகியும் ஆறாத இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா? கட்டிங் டேபிளில் நாள் முழுக்க குனிந்து நிற்கிற வேலை வேறு. பிசியோதெரபி, தடவும் மருந்து, டாக்டர் சொன்ன அளவில் தனி பாராசிட்டமால் இவற்றில் தொடங்கலாம். டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக் போன்றவை குடித்த வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் உண்டாக்கும் என்பதால் கேட்டுத்தான். டுலாக்சிடின் நல்ல வலி மருந்து, ஆனால் அதிகம் குடிப்பவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் கொடுப்பதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது டைசல்ஃபிராம். அதைச் சாம்பாரில் கலக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது ஏறியிருக்கும் உடம்பில் பிராந்தி போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, பிபி விழுந்து, சிலர் இறந்தும் போகிறார்கள். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட இது வரலாம். தெரிந்து, சம்மதித்து, கடைசிக் குடிக்குப் பின் 12 மணி நேரமாவது கழித்துப் போடும் மருந்து அது. தெரியாமல் கலந்தது ஒருநாள் வெளிவந்தால், தானாக டாக்டரிடம் வந்த மனிதர் அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

ஒருவேளை இதைப் படிக்கும் முன்பே நால்ட்ரெக்ஸோன் போட்டுவிட்டார் என்றால், அவஸ்தையை அடக்க மேலே டிரமடால் கொடுக்காதீர்கள். அடைத்த இடத்தில் அது வேலை செய்யாது, அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வலிப்புதான் மிச்சம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஓஆர்எஸ் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தபடி அவசரப் பிரிவுக்குப் போங்கள். 'ஃபுட் பாய்சன்' என்று சொல்லி உட்கார்ந்துவிடாமல் எந்த மணிக்கு எந்த மாத்திரை என்று சொல்லுங்கள்.

பிற்பாடு நால்ட்ரெக்ஸோன் தொடங்கினால் இரண்டு காரியம் மட்டும். டிரமடாலைத் தாங்கும் பழைய பழக்கம் அதற்குள் போயிருக்கும். மருந்தை நிறுத்திவிட்டுப் பழையபடி ஆறு மாத்திரை, அதோடு ஒரு குவார்ட்டர் என்று போனால் மூச்சே நின்றுபோகலாம். அடுத்தது, பர்சில் ஒரு சீட்டு: 'நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. தினமும் எடுக்கிறேன்' என்று தொடங்கிய தேதியோடும் டாக்டர் போன் நம்பரோடும். மறுபடி விபத்து நடந்தால் அபின் வகை வலி ஊசி வேலை செய்யாது, மயக்க மருத்துவர் வேறு வழி பார்க்க வேண்டும். தேதி குறித்த ஆபரேஷன் என்றால் 72 மணி நேரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்.

டாக்டரைப் பிடிக்க முடியாவிட்டால் மதுப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, தமிழக அரசின் மருத்துவ உதவிக்கு 104. எதில் பேசினாலும் பேச்சை டிரமடாலில் தொடங்குங்கள், குடியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.